மரணத்தைக் குத்தகைக்கு விடலாமா?

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளி ஏறி வரவில்லை. அவரைத் தேடி இறங்கியவரும் வரவில்லை. இருவரையும் தூக்கிவிட எண்ணி இறங்கிய மூன்றாமவரும் வரவில்லை. தமிழகத்து நாளேடுகளில் இத்தகைய செய்தி திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. ஊரின் பெயர் மாறும், மாண்டவர்களின் எண்ணிக்கை மாறும், செய்தியின் கடைசி வரி மட்டும் மாறுவதில்லை: “விஷவாயு தாக்கி இறந்தனர்.”

விஷவாயு எவரையும் தாக்குவதில்லை என்கிறோம் நாம். அதற்குப் பகை இல்லை, நோக்கமும் இல்லை. அது தான் பிறந்த இடத்திலேயே அடங்கிக் கிடந்தது. அது கிடக்கும் இடத்துக்கு மனிதனை அனுப்பி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆகவே, தாக்கியவர் யார் என்னும் வினாவுக்கான விடையைத் தொட்டிக்குள் தேடுவதில் பயனில்லை. வேலையைப் பேசி முடித்து முன்பணம் கொடுத்த அறையில் அந்த விடை இருக்கிறது.

அந்த அறையில் உள்ளவர்களைக் கேட்டால் கிடைக்கும் மறுமொழி நமக்கெல்லாம் பழக்கமானதுதான். “நாங்கள் யாரையும் இறக்கவில்லை, வேலையை ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகப் பேசி விட்டுவிட்டோம், ஆள் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு, ஆளைப் பார்த்துக் கொள்வதும் அவர் பொறுப்பு.” ஒப்பந்தக்காரரைக் கேட்டால், “மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்” என்பார். மேஸ்திரியைக் கேட்கலாம் என்றால், பல வேளைகளில் அவரும் அந்தத் தொட்டிக்குள்ளேயே கிடப்பார்.

இந்த மறுமொழியைத்தான் நாம் இக்கட்டுரையில் மறுக்கப் புகுகிறோம். வேலையைக் குத்தகைக்கு விடலாம். பொறுப்பைக் குத்தகைக்கு விட முடியாது. சட்டமும் அதை ஏற்கவில்லை, அறிவியலும் ஏற்கவில்லை. மனச்சான்று உள்ளவர் எவரும் ஏற்கமாட்டார்.

தொட்டியின் இரகசியம்

அடைபட்ட இடம் என்றால் மலக்குழியும் பாதாளச் சாக்கடையும் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டு வாசலில் மூடிக் கிடக்கும் தண்ணீர்த் தொட்டி, பாழுங்கிணறு, தானியக் குழி, கொதிகலன், கப்பலின் எண்ணெய்த் தொட்டி, டாங்கர் லாரியின் வயிறு, தோல் தொழிலகத்தின் கழிவுநீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. உள்ளே நுழையும் வழி குறுகியது. காற்று தானாக வந்து போகாது. மனிதர் தங்கி வேலை செய்வதற்காகக் கட்டப்பட்டதன்று. இம்மூன்றும் ஒருசேர அமைந்த இடம் எதுவானாலும், அது பார்வைக்கு எவ்வளவு துப்புரவாக இருந்தாலும், ஐயத்துக்கு உரியதே. புதிதாகக் கான்கிரீட் போட்டு மூடிய தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குவோரும் மாண்டு போவதுண்டு. அங்கே மலமும் இல்லை, சாக்கடையும் இல்லை. ஈரப்பலகை அழுகி அங்கிருந்த பிராணவாயுவை உண்டுவிட்டது. அவ்வளவே.

நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 20.9 விழுக்காடு. அது 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலே அங்கு மனிதர் நுழையலாகாது என்பது உலகெங்கும் பெரிதும் பின்பற்றப்படும் வரம்பு. 6 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சில நிமிடங்களில் உயிர் பிரியும். இந்தக் குறைவைக் கண் காணாது, மூக்கு அறியாது, மூச்சுத் திணறல் முன்கூட்டி எச்சரிக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கால் தளர்வதுதான் பலருக்கு முதல் அறிகுறி. அதுவே கடைசி அறிகுறியுமாகும்.

இனி, நச்சு வாயு. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியிலே படுத்துக் கொள்ளும். சிறிதளவாக இருக்கும்போது நாறும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது ஏறத்தாழ 100 பங்கை எட்டும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். “முதலில் நாற்றமடித்தது, இப்போது இல்லை, இறங்கலாம்” என்று சொல்பவர் மரணத்தின் அழைப்பை அனுமதிச் சீட்டாகப் படிக்கிறார். 500 பங்குக்கு மேல் போனால் சில நிமிடங்களில் மயக்கம். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். ஏணியைப் பிடித்துக் கொண்டிருந்த கையே விட்டுவிடும்.

தோல் தொழிலில் இவ்வாயு பிறக்கும் விதத்தைத் தொழிலை நன்கறிந்த நம் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். மயிர் நீக்குவதற்காகச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறோம். அந்தக் கழிவுநீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை வாயு அதனுள் அடங்கியிருக்கும். அமிலத்தில் ஊறவைக்கும் வேலையிலிருந்தும் குரோம் வேலையிலிருந்தும் வரும் அமிலக் கழிவு அதனோடு கலந்தால், அடங்கியிருந்த வாயு வெளிப்படும். தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் தேங்கிய சேற்றுக்குள்ளும், பிராணவாயு வேண்டாத நுண்ணுயிர்கள் இவ்வாயுவை ஆக்கி அடைத்து வைத்திருக்கும். மேற்பரப்பு அமைதியாக இருக்கும். மண்வெட்டி ஒருமுறை சேற்றைக் கிளறினால் போதும். ஆதலால், இறங்குவதற்குமுன் எடுத்த ஒரு சோதனை இறங்கியபின் செல்லுபடியாகும் என்று எண்ணுவதும் பிழையே.

இவ்வளவையும் தொழிலக உரிமையாளர் அறிவார். அவர் அறியாவிடினும் அவரிடம் சம்பளம் வாங்கும் இரசாயன வல்லுநர் அறிவார். ஒப்பந்தக்காரர் அறியமாட்டார், அவர் நேற்று வேறோர் ஊரில் வீட்டுக்குழியைத் துப்புரவாக்கியவர். கூலியாள் அறவே அறியமாட்டார். பணம் மேலிருந்து கீழே இறங்கும்போது படிக்குப் படி குறைகிறது. அறிவும் அவ்வாறே குறைகிறது. ஆபத்து மட்டும் படிக்குப் படி பெருகிக்கொண்டே இறங்குகிறது. கூலி மிகக் குறைந்த இடத்திலும் அறிவு முற்றும் அற்ற இடத்திலும் ஆபத்து தன் முழு உருவத்தோடு நிற்கிறது. இதற்குத்தான் ஒப்பந்த முறை என்று பெயரிட்டிருக்கிறோம்!

சட்டம் உறங்கியதில்லை

சட்டம் போதாது என்று சிலர் சொல்வர். அது உண்மையன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 36-ஆம் பிரிவிலேயே இவ்விஷயத்தைத் தீர்த்து வைத்தது. நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் முதலியவற்றில் போதிய அளவுள்ள நுழைவழி இன்றி எவரும் நுழையலாகாது. வாயுவை அகற்ற இயன்ற அனைத்தையும் செய்தாக வேண்டும். தகுதி வாய்ந்த ஒருவர் தாமே சோதித்து, ஆபத்தில்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, உறுதியான வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும். இத்தகைய இடத்துள் கொண்டுசெல்லும் மின்விளக்கு 24 வோல்ட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதுகூட அச்சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குப் பணிப் பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். ஆபத்தில்லாத பணியிடத்தைத் தருவது வேலை தருபவரின் கடமை என்பது மாறவில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் அச்சேறிய விதியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

“ஒப்பந்தக்காரர் பொறுப்பு” என்னும் வாதத்தையும் சட்டம் என்றோ தள்ளிவிட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தவரே ஈடு தரக் கடமைப்பட்டவர் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே விதித்தது. 2013-ஆம் ஆண்டில் வந்த, மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையைத் தடை செய்யும் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. சாக்கடையையும் மலக்குழியையும் ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தலாகாது என்கிறது அது. ‘மறைமுகமாகவோ’ என்ற அந்த ஒரு சொல் யாரைக் குறித்து எழுதப்பட்டது? மேஸ்திரியைக் குறித்தா? மேஸ்திரிக்குப் பின்னால் ஒப்பந்தக்காரரும், அவருக்குப் பின்னால் உரிமையாளரும் நின்றுகொண்டிருக்கும் அந்த வரிசையைக் குறித்தே அது எழுதப்பட்டது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம், 1993 முதல் சாக்கடைகளில் மாண்டோர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் தரக் கட்டளையிட்டது. அவசர நேரத்திலும் பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடையில் இறங்கச் செய்வது குற்றமாக வேண்டும் என்றும் கூறியது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது கண்டு மகிழ்வதற்கு நம்மால் இயலவில்லை. ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டின் செலவைவிட ஒரு மரணத்தின் செலவு அதிகம் என்று கணக்கிட்டுக் காட்டினால்தான் சிலருக்கு உயிரின் அருமை புரியும் போலும்!

வட ஆர்க்காட்டுத் தோல் தொழில் இப்பாடத்தை முன்பே ஒருமுறை கற்றுக்கொண்டது. கழிவுநீர் வாய்க்காலில் இறங்கிவிட்டால் அது எங்கள் நீரன்று என்று ஒருகாலத்தில் வாதாடினோர் உண்டு. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. பாலாற்று மண்ணில் கலந்த நீருக்கே நாம் பொறுப்பென்றால், நம் மதிலுக்குள், நம் தொட்டிக்குள், நம் இரசாயனத்தால் பிறந்த காற்றுக்கு யார் பொறுப்பு? வாய்க்காலைக் கடந்தும் தொடர்ந்து வந்த பொறுப்பு, ஒரு ஒப்பந்தத் தாளைக் கண்டதும் நின்றுவிடுமா?

2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் நள்ளிரவில் உடைந்து, அருகிலிருந்த தோல் தொழிலகத்தில் உறங்கிக் கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் தொட்டிக்குள் இறங்கியவர்கள் அல்லர். தொட்டி அவர்கள்மேல் இறங்கியது. ஆயினும் அந்த இரவு நமக்குச் சொன்ன செய்தி ஒன்றே: கழிவு தேங்கும் இடத்தைப் பற்றித் திட்டமிடாத தொழில், தன் கழிவோடு மனித உயிரையும் சேர்த்துக் கொட்டுகிறது.

சாக்குப் போக்குகள்

“அனுபவசாலிகள், இருபதாண்டாக இதே வேலை செய்கிறவர்கள்” என்பது முதல் சாக்கு. வாயு அனுபவத்தைக் கண்டு ஒதுங்குவதில்லை. இருபதாண்டு உயிரோடு இருந்தது இருபதாண்டு தப்பியதற்குச் சான்றேயன்றி, அபாயம் இல்லை என்பதற்குச் சான்றன்று.

“விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை” என்பது இரண்டாவது. எரியும் விளக்கு, பிராணவாயு பெரிதும் குறைந்தபின்தான் அணையும். மனிதன் அதற்கு முன்பே தடுமாறத் தொடங்கிவிடுவான். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அங்கே மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தாலோ, அந்த விளக்கே வெடிக்குத் திரியாகிவிடும்.

“முகமூடி கொடுத்தோம், அவர்கள் போட்டுக்கொள்ளவில்லை” என்பது மூன்றாவது. எந்த முகமூடி? துணிக்கட்டு நச்சு வாயுவைத் தடுக்காது. வடிகட்டும் முகமூடி பிராணவாயு இல்லாத இடத்தில் அதை உண்டாக்கித் தராது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகவோ உருளையிலிருந்தோ தரும் சுவாசக் கருவி ஒன்றே அங்கு பயன்படும். அதையும் அணிந்து பழக்கியிருக்க வேண்டும். பயிற்சியின்றிக் கையில் திணித்த கருவி, பின்னர் காவல் நிலையத்தில் காட்டுவதற்குத்தான் உதவும்.

“சிறு தொழிலகத்தால் இவ்வளவு செலவு தாங்குமா?” என்பது நான்காவது. இதனை நாம் எள்ளி நகையாடவில்லை. சிறு முதலில் தொழில் நடத்துவோரின் இடர்ப்பாடு நாமறிந்ததே. ஆனால் கேட்கிறோம்: பல தொழிலகங்கள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்த முடிந்தவர்களால், வாயு அளக்கும் கருவி ஒன்றையும், காற்றூதியையும், முக்காலியோடு கூடிய சுழல் இராட்டையையும், பயிற்சி பெற்ற நால்வர் குழுவையும் கூட்டாக வைத்திருக்க முடியாதா? கழிவு நீரைப் பொதுவாக்க முடிந்தவர்களுக்குக் காவலைப் பொதுவாக்க முடியவில்லை என்றால், குறை பணத்தில் இல்லை, நினைப்பில் இருக்கிறது.

“எல்லாம் விதி” என்பது கடைசிச் சாக்கு. மிகவும் வெட்கத்துக்குரியதும் அதுவே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனைச் சார்ந்திருக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயத்தின் வாயிலிருந்து இச்சொல் வரலாமா? தன் கடையில் களவு போனால் பூட்டுப் போடாத காவலாளியைக் கேட்பவர், தன் தொட்டியில் உயிர் போனால் மட்டும் விதியைக் கேட்கிறார்.

வீரம் தேவைப்படுவதே குற்றம்

2015 நவம்பர் 26 அன்று கோழிக்கோட்டில், பாதாளச் சாக்கடையில் ஆந்திரத் தொழிலாளர் இருவர் மயங்கிக் கிடக்கக் கண்டு, அவ்வழியே வந்த முஸ்லிம் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இறங்கினார். முன்பின் அறியாதவர்கள், மொழி வேறு, ஊர் வேறு. மூவரும் மாண்டனர். அவரது தியாகத்தைக் கேரளம் போற்றியது, போற்றியது தக்கதே. அந்த நெஞ்சத்தின் முன் நாமும் தலை வணங்குகிறோம்.

ஆனால் புகழுரைகளோடு கதையை முடித்துக்கொள்வதை நாம் ஒப்பவில்லை. அந்த இளைஞர் ஏன் இறங்க வேண்டியதாயிற்று? தூக்குவதற்கு வேண்டிய கருவி வெளியே ஆயத்தமாக இருந்திருந்தால், வழிப்போக்கர் ஒருவரின் உயிர் அங்கே எதற்குத் தேவைப்பட்டிருக்கும்? தியாகத்தைப் பாராட்டும் ஆரவாரத்தில், தியாகத்தை அவசியமாக்கியவர்கள் தப்பிவிடுகிறார்கள். திட்டமில்லாத இடத்தில்தான் வீரனுக்கு வேலை இருக்கிறது.

2019 மார்ச் மாதம் திருப்பெரும்புதூர் அருகே நெமிலியில், ஒரு குடியிருப்பின் மலக்குழியில் ஆறு பேர் மாண்டனர். அவர்களில் ஒரு தந்தையும் அவருடைய இரு மகன்களும் அடங்குவர். விழுந்தவரைக் காக்க மற்றவர் இறங்கி, ஒருவர்பின் ஒருவராக உயிரிழந்தனர். தந்தையை விட்டுவிட்டு மேலே நிற்க எந்த மகனால் முடியும்? அந்தக் கணத்தில் அறிவுரை சொல்ல இயலாது; அறிவுரையை அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் விடுத்த எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் இறந்தோரில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே என்று கூறியது. பாசமே கொல்லும் இடம் அது. ஆகையால்தான், காப்பாற்றும் வழியை இறங்குவதற்கு முன்னரே வகுத்து வைக்க வேண்டும் என்கிறோம்.

திட்டம் என்பது யாது?

திட்டமிடுதல் என்றதும் பெரிய அலுவலகமும் தடித்த கோப்பும் தேவை என்று அஞ்ச வேண்டாம். வரிசையாகச் சில வினாக்களை எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விடை பெறுவதே திட்டம்.

முதல் வினா: உள்ளே மனிதர் இறங்கித்தான் ஆக வேண்டுமா? பிரிட்டனின் 1997-ஆம் ஆண்டு விதிகள் இவ்வினாவையே முதலில் வைக்கின்றன. உறிஞ்சும் லாரி, நீர்ப்பீச்சு, நீண்ட கோல், எந்திரம் ஆகியவற்றால் வெளியே நின்று முடிக்கக்கூடிய வேலைக்கு மனிதரை இறக்குவது அநீதி. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2018-ஆம் ஆண்டிலேயே சாக்கடையைத் துப்புரவாக்கும் எந்திரத்தை இளைஞர்கள் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். பத்துக்கு ஒன்பது வேலைகள் இந்த முதல் வினாவிலேயே நின்றுவிட்டாலும் வியப்பதற்கில்லை.

இறங்கியே தீரவேண்டும் என்றானால், தொட்டிக்கு வரும் குழாய்கள் அனைத்தும் அடைக்கப்பட்டனவா? கலக்கும் விசிறிக்கும் பம்புக்கும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பூட்டுப் போட்டுச் சாவி ஒருவர் கையில் இருக்கிறதா? வெளியிலிருந்து நல்ல காற்று ஊதி உள்ளே செலுத்தப்படுகிறதா? காற்றுக்குப் பதிலாக உருளையிலிருந்து பிராணவாயுவைத் திறந்துவிடுவது தீயை அழைப்பதாகும், அதைச் செய்யலாகாது. பிராணவாயு, எரியும் வாயு, நச்சு வாயு ஆகிய மூன்றையும், இவ்வரிசையிலேயே, தொட்டியின் மேலும் நடுவிலும் அடியிலும் கருவியால் அளந்தாயிற்றா? வேலை நடக்கும் நேரமெல்லாம் அக்கருவி உள்ளே இருக்குமா?

அடுத்து, மனிதர்கள். இறங்குபவர் உடலில் முழு வார் பூட்டி, அதன் கயிறு மேலே இராட்டையில் கோக்கப்பட்டிருக்கிறதா? துளையின் வாயில் காவலாக நிற்பவர் யார்? அவருக்கு ஒரே ஒரு வேலைதான்: நிற்பது. தேநீர் வாங்கப் போகக் கூடாது. என்ன நேர்ந்தாலும் உள்ளே இறங்கக் கூடாது. ஆள் சாய்ந்தால் இராட்டையைச் சுற்றித் தூக்குவதும், உதவிக்குழுவை அழைப்பதுமே அவர் கடமை. தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி சொல்லிவிட்டுக் காத்திருப்பது மட்டும் மீட்புத் திட்டமாகாது. மூளைக்குப் பிராணவாயு நின்றபின் நமக்கிருப்பது சில நிமிடங்களே.

இத்தனைக்கும் விடை கிடைத்தபின் ஒரு தாளில் எழுத வேண்டும்: எந்தத் தொட்டி, என்ன வேலை, யார் யார் இறங்குவர், அளவுகள் எவை, எந்நேரம் முதல் எந்நேரம் வரை. அதில் உரிமையாளர் தரப்பில் ஒருவரும் ஒப்பந்தக்காரரும் கையொப்பமிட வேண்டும். நேரம் முடிந்தால் சீட்டும் முடிந்தது. உணவுக்கு ஏறி வந்தவர் மீண்டும் இறங்குமுன் மீண்டும் அளக்க வேண்டும். அமெரிக்காவில் 1993 முதல் நடப்பிலிருக்கும் அனுமதிச் சீட்டு முறை இதுவே.

ஒப்பந்தக்காரரைத் தேர்வதும் திட்டத்தின் பகுதிதான். எல்லாரினும் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் எதைக் குறைத்தார் என்று கேளாதிருப்பது வாணிபமன்று. கண்ணை மூடிக்கொண்டு செய்யும் கொடுமை. அவர் மனிதரின் உயிர்க்காவலைக் குறைத்தார். வேறொன்றைக் குறைக்க அவரிடம் என்ன இருந்தது? தொகை பேசும்போதே காற்றூதிக்கும், அளவைக் கருவிக்கும், காவல் நிற்பவர் கூலிக்கும் தனித் தலைப்பிட்டுப் பணம் ஒதுக்குங்கள். அந்தத் தலைப்பில் பேரம் பேசாதீர்கள். தொட்டியில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை ஒப்பந்தக்காரருக்கும் இறங்குவோருக்கும் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். வங்காளத் தொழிலாளிக்குத் தமிழில் ஒட்டிய எச்சரிக்கைப் பலகை சுவருக்குத்தான் எச்சரிக்கை.

நம் வாசலிலும்

தொழிலகம் வைத்திருப்போருக்கு மட்டுமே இவ்வுரை என்று பிற வாசகர்கள் தாளைப் புரட்டிவிட வேண்டாம். பள்ளிவாசலின் கழிவறைக் குழி நிரம்பினால் ஆள் தேடுவது ஜமாஅத் நிர்வாகம். மதரசாவுக்கும் திருமண மண்டபத்துக்கும் நிர்வாகக் குழு உண்டு. வீட்டுக் குழிக்கு வீட்டுக்காரரே நிர்வாகம். சட்டத்தின் கண்ணில் இவர்கள் அனைவரும் வேலை தருபவர்களே. ‘இவ்வளவு தருகிறேன், மாலைக்குள் முடித்துவிடு’ என்று திண்ணையிலிருந்தபடி பேசி முடிக்கும் அந்தப் பேச்சே ஒப்பந்தம். எழுத்தில் இல்லை என்பதால் பொறுப்பு இல்லாமற் போய்விடாது. லாரியை அழையுங்கள், ஆளை இறக்கச் சம்மதியாதீர்கள். அடியில் தங்கிய சேற்றை வாரி எடுக்க ‘ஒருத்தர் மட்டும் இறங்கட்டும்’ என்று லாரிக்காரர் சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். குழியில் சிறிது சேறு மிஞ்சினால் குடி மூழ்கிவிடாது.

நம் பிள்ளைகளிற் பலர் வளைகுடா நாடுகளில் எண்ணெய்த் தொட்டிகளிலும் கப்பல்களிலும் வேலை செய்கிறார்கள். அங்கே அனுமதிச் சீட்டில்லாமல் இறங்கச் சொன்னால் மறுக்கும்படி அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறோம், தொலைபேசியில் மன்றாடுகிறோம். நம் பிள்ளைக்கு அங்கே எதை வேண்டுகிறோமோ, அதை வங்காளத்துத் தாயின் பிள்ளைக்கும், நம் ஊர்ச் சேரித் தாயின் பிள்ளைக்கும் இங்கே மறுப்பது எந்த நியாயம்? இந்நாட்டில் மலக்குழிகளில் மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் சாதியின் பெயரால் அவ்வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்குகின்ற நாம், அம்முழக்கத்தை நம் வாசற்குழியின் விளிம்பில் நிறுத்திச் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

ஆகவே நாம் கோருவது இது. தோல் தொழில் சங்கங்கள் தம் அடுத்த கூட்டத்திலேயே, எழுத்தில் அனுமதியும் வாயு அளவும் மீட்புக் கருவியும் இன்றி உறுப்பினர் எவரும் தொட்டியில் ஆளை இறக்குவதில்லை என்று தீர்மானம் இயற்றட்டும். கூட்டாகக் கருவிகளை வாங்கட்டும். ஜமாஅத்துகள் தம் வரவு செலவுப் புத்தகத்தில் குழித் துப்புரவுக்கென ஒரு தொகையை ஒதுக்கி, எந்திரத்தாலன்றி அவ்வேலை நடவாது என்று எழுதி வைக்கட்டும். ஒப்பந்தக்காரர்கள், திட்டமில்லாத வேலையை ஏற்பதில்லை என்று சொல்லும் துணிவு பெறட்டும்; அப்படிச் சொல்பவருக்கே வேலை கொடுப்பது என்று நாம் உறுதி பூணுவோம்.

தொட்டியின் மூடியைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே அதனுள் இறங்குபவரின் உயிரும் அடைக்கலமாக இருக்கிறது. அடைக்கலப் பொருளை மற்றொருவர் கையில் தள்ளிவிட்டு, அது தொலைந்தபின், “என்னிடம் இல்லையே” என்று சொல்பவரை நம் ஊர் வழக்கில் என்ன பெயரிட்டு அழைப்போம் என்பதை வாசகர்களே அறிவார்கள்.